எண்பதிலும் கூடும் கால் பலம்

வயதான பெண்கள் கீழே விழுந்தால் முதலில் குற்றம் சாட்டப்படுவது தரைதான். ஈரமாக இருந்தது, மிதியடி சுருண்டிருந்தது, படி உயரம் என்று பல காரணங்கள் வரும். அதே தரையில் வீட்டிலுள்ள மற்றவர்களும் இடறத்தான் செய்கிறார்கள். ஆனால் சட்டென்று ஒரு எட்டு முன்னால் வைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு எட்டை நேரத்துக்கு எடுத்துவைக்கும் பலம் காலில் குறைந்துபோவது, முதுமையில் விழுவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. மாத்திரையோ அறுவை சிகிச்சையோ இல்லாமல் சரிசெய்யக்கூடிய காரணமும் அதுதான்.

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. உயிர் போகாத விழுதல்களில் பெரிதாகப் பயப்பட வேண்டியது இடுப்பு எலும்பு முறிவு. இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அது விழுந்ததால் நேர்ந்தது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தாலும் பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை.

பெண்களுக்கு இந்த ஆபத்து ஏன் கூடுதல்? இளம் வயதிலேயே பெண்ணின் உடலில் தசையின் அளவு ஆணைவிடக் குறைவு. கையிருப்பு குறைவாக இருப்பதால், இருவருக்கும் ஒரே வேகத்தில் தேய்ந்தாலும் பெண்ணுக்கு முன்னதாகவே தட்டுப்பாடு வந்துவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வற்றுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகச் சரிகிறது. பெண்கள் ஆண்களைவிட அதிக ஆண்டுகள் வாழ்வதால், பலம் குறைந்த நிலையில் கழிக்கும் காலமும் அவர்களுக்கு நீளம். விழுவதும் அதிகம், விழுந்தால் முறிவதும் அதிகம்.

தசையின் அளவு முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. வயது காரணமாகத் தசையும் பலமும் சேர்ந்து குறையும் நிலைக்கு மருத்துவர்கள் ‘சார்க்கோபீனியா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் தசை மெலிவதைவிடப் பலம் இறங்குவதே வேகம். அமெரிக்காவில் எழுபதுகளில் இருந்த 1,880 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், கால் தசை குறைந்ததைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் பலம் குறைந்திருந்தது. உடல் எடை மாறாததால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். உள்ளே தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்திருக்கும்.

தசை நார்களிலும் எல்லாம் ஒன்றுபோல் தேய்வதில்லை. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் நார்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. நொடிப்பொழுதில் சுருங்கி விசை கொடுக்கும் வேக நார்கள்தான் முதலில் மெலிகின்றன. கோயில் பிராகாரத்தை நிதானமாகச் சுற்றி வரக்கூடிய ஒருவர், வாசற்படியில் கால் தட்டும்போது தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான். இடறியபின் சமாளிக்கக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் கால் வேகமாகவும் பலமாகவும் முன்னால் வந்தாக வேண்டும்.

நடை என்பது சாதாரணக் காரியம் போலத் தெரிந்தாலும், அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நேரம் உடலின் முழு எடையும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சரியாமல் பிடித்துக்கொள்வது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. அது தளர்ந்தால் நடை இருபக்கமும் ஆடும். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் அடி நேராக இடுப்பு எலும்பில் படும். தூக்கிய கால் முன்னால் வீசும்போது விரல் நுனிக்கும் தரைக்கும் இடையில் இருப்பது ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள தசை பாதத்தைத் தூக்கிப் பிடிப்பதால்தான் அந்த இடைவெளி கிடைக்கிறது. அது சோர்ந்துபோனால் விரல் தரையை உரசும். மிதியடியின் விளிம்பு, புடவைக் கொசுவத்தின் ஓரம், தரையில் கிடக்கும் ஒயர், எதுவும் தடுக்கிவிடப் போதும்.

நடப்பதற்குக் கவனமும் வேண்டும். சுவீடனின் ஊமியோ நகரில் முதியோர் இல்லமொன்றில் நடந்து 1997இல் வெளியான ஓர் எளிய ஆய்வு இதைக் காட்டியது. நடந்துகொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதங்களில் விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒருசேர முடியாமல் போவது, நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிறது என்பதன் அடையாளம்.

காலின் பலத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட வேண்டும். அதில் நடுவாக உட்கார்ந்து, இரு கைகளையும் மார்பின் குறுக்கே தோளில் வைத்துக்கொண்டு, முழுதாக எழுந்து நின்று திரும்ப உட்கார வேண்டும். அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்று பக்கத்தில் ஒருவர் நின்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதுள்ள பெண்ணுக்கு 11 முறைக்குக் குறைந்தால் அது சராசரிக்குக் கீழே. எழுபதுகளில் 10 முறை, எண்பதுகளின் தொடக்கத்தில் 9 முறை. கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தைப் பல குடும்பங்கள் தினமும் பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு சோதனை, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார்வது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாகக் கொள்ள வேண்டும். நடை வேகத்துக்கும் ஓர் அளவு உண்டு: ஆசியர்களுக்காக 2019இல் வகுக்கப்பட்ட நெறிமுறைப்படி, வழக்கமான நடையில் நொடிக்கு ஒரு மீட்டர்கூடக் கடக்க முடியாவிட்டால் தசை நலிவைச் சந்தேகிக்கலாம். கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியில் பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் குறைந்தாலும் அப்படியே. கையின் பிடி தளர்வது உடல் முழுவதும் தசை தளர்வதைக் காட்டும் என்பதால் அதையும் பார்க்கிறார்கள்.

ஒருமுறை விழுந்த பெண்ணுக்கு நேரும் பெரிய கேடு பயம். எலும்பு முறியாவிட்டாலும் மீண்டும் விழுவோமோ என்று வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறார். பிள்ளைகளும் பாசத்தில், “நீங்க உட்காருங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்” என்று வேலைகளைப் பறித்துக்கொள்கிறார்கள். அன்பாகச் செய்யும் இந்தக் காரியம்தான் காலை மேலும் பலவீனமாக்குகிறது. ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துச் செய்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. காய்ச்சலுக்காக மருத்துவமனையில் பத்து நாள் படுத்தவர் வீடு திரும்பியதும் நிற்கத் தடுமாறுவதில் வியப்பில்லை. மருத்துவர் அனுமதித்த நாளிலேயே அவரை எழுப்பி நடக்கவைக்க வேண்டும்.

போன பலம் திரும்பி வருமா? வரும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரின் குழு, முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். அந்த வயதில் எடை தூக்கவைப்பது ஆபத்து என்று அதுவரை நிலவிய எண்ணத்தை இது அசைத்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து நூறு பேரிடம் நடந்த பெரிய ஆய்விலும் பலம் இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது. பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பலம் கூடினால் விழுவது குறையுமா என்ற கேள்விக்கு நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் விடை கண்டார்கள். 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் இரண்டு மாதத்தில் நான்கு முறை போய், அவரவர் உடல்நிலைக்கு ஏற்றபடி கால் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி கற்றுக்கொடுத்தார். ஓராண்டில் பயிற்சி பெறாத பிரிவில் 152 முறை விழுந்திருந்தார்கள்; பயிற்சி செய்தவர்கள் 88 முறை. இயந்திரமோ உடற்பயிற்சிக்கூடமோ தேவைப்படவில்லை. கணுக்காலில் கட்டும் சிறு எடை, பிடித்துக்கொள்ள ஒரு மேடை, வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம், அவ்வளவே.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் நல்லது; விழாமல் இருக்க அது மட்டும் போதாது. கையில் எலும்பு முறிவு ஏற்பட்டிருந்த பெண்களை வேகமாக நடக்கச் சொன்ன ஒரு பிரிட்டன் ஆய்வில், அவர்கள் விழுவது கூடவே செய்தது. முதலில் பலமும் சமநிலையும் தேற வேண்டும், வேக நடை அதன் பிறகு. 2019இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பீட்டில், உடற்பயிற்சியால் விழுதல்கள் 23 சதவீதம் குறைவது உறுதியானது. சமநிலைப் பயிற்சியும் எடைப் பயிற்சியும் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

பயிற்சிகள் எளியவை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்கார்வது தொடை முன்தசைக்கு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. அப்படியே நின்று குதிகால் தரையில் இருக்க விரல்களை மட்டும் தூக்குவது, தடுக்கி விழாமல் காக்கும் முன்கால் தசைக்கு. காலைப் பக்கவாட்டில் தூக்குவது இடுப்புக்கு. ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து நிற்பதும் நடப்பதும் சமநிலைக்கு. பத்து முறை சுலபமாகச் செய்ய முடிந்துவிட்டால் சுமையைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் பலம் வளராது. தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் நாற்காலியும் கட்டிலும் வந்தபின் பல வீடுகளில் போய்விட்டது. முழங்கால் வலி இல்லாதவர்கள் அதை விடாமல் வைத்துக்கொள்வது நல்லது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டியதில்லை. நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மார்வலி, மயக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை இருந்தால் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்க வேண்டும்.

தசைக்குப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்பது பல நிபுணர் குழுக்களின் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி என்று சாப்பிடும் பாட்டிக்கு இதில் பாதிகூடச் சேராது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே. பருப்பு, சுண்டல், தயிர், மீன் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்த்தால்தான் கணக்கு எட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் நிற்க வேண்டும். வைட்டமின் டி குறைபாடு இருந்தால் சரிசெய்ய வேண்டும். அளவு மீறக் கூடாது. ஆஸ்திரேலியாவில் எழுபதைத் தாண்டிய 2,256 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆண்டுக்கொரு முறை 5 லட்சம் யூனிட் மொத்தமாக விழுங்கியவர்கள் மற்றவர்களைவிட 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள்.

காலைத் தேற்றும்போதே மற்ற காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். தூக்க மாத்திரை தள்ளாட்டத்தைக் கூட்டும். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுபவர்கள், ஒரு நிமிடம் கட்டிலோரம் உட்கார்ந்து பிறகு நிற்பது நல்லது. கண்புரை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்: பிரிட்டனில் எழுபதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு கண்ணில் புரையை நீக்கியதுமே விழுதல்கள் 34 சதவீதம் குறைந்தன. குளியலறையில் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, இரவில் கழிப்பறை வரை வெளிச்சம், பின்பட்டை வைத்த செருப்பு, தரையைத் தொடாத புடவைக்கட்டு ஆகியவை அதிகச் செலவில்லாத ஏற்பாடுகள்.

விழுந்ததை வெளியே சொல்லாத பெண்கள் நிறையப் பேர். சொன்னால் நடமாட்டத்துக்குத் தடை வருமோ என்ற தயக்கம்தான் காரணம். “கடந்த ஒரு வருஷத்துல எங்கேயாவது விழுந்தீங்களா?” என்று வீட்டில் உள்ளவர்களே கேட்க வேண்டும். ஓராண்டில் இரண்டு முறை விழுந்திருந்தாலோ, மயங்கி விழுந்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். மருத்துவமனைக்குப் போக முடியாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து தரப்படுகிறது; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.