காவலுக்குக் காவல் – 7: வார்டருக்கு ஒரு சட்டம், வக்கீலுக்கு ஒரு சட்டம்

2019 ஆகஸ்ட் 10. நியூயார்க், மன்ஹாட்டன் மத்திய சிறை. சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்குக் கடத்தியதாகக் கைதான கோடீஸ்வரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன், விடிகாலையில் தன் அறையில் தூக்கிட்ட நிலையில் கிடந்தார். அரை மணிக்கு ஒருமுறை கைதிகளை எட்டிப் பார்ப்பது காவலர்களின் வேலை. அன்று இரவு பத்தே முக்காலிலிருந்து விடியும்வரை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் விழுந்திருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கும் அந்த அறைக்கும் நடுவே பதினைந்து அடிதான். அங்கிருந்தபடி இன்டர்நெட்டில் மோட்டார் சைக்கிளும் மேசை நாற்காலியும் விலை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்கிறது குற்றப்பத்திரிகை. கேமராக்களில் பல, படம் காட்டினவே தவிர பதிவு செய்யவில்லை.

இதையெல்லாம் துருவி எடுத்து 2023 ஜூனில் அறிக்கை வெளியிட்டவர் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் அன்றைய இன்ஸ்பெக்டர் ஜெனரல் மைக்கேல் ஹோரோவிட்ஸ். ஐ.ஜி. என்றதும் தொப்பியும் தடியும் நினைவுக்கு வர வேண்டாம். இந்தப் பதவியில் இருப்பவர் போலீஸ் அதிகாரி அல்ல. அமைச்சகத்துக்கு உள்ளேயே உட்கார்ந்து அமைச்சகத்தைத் தோண்டுகிற தணிக்கையாளர். நியமிப்பவர் ஜனாதிபதி, ஒப்புதல் தருவது செனட், அறிக்கை நாடாளுமன்றத்துக்கும் போகும்.

சிறை வார்டர்களை விசாரித்த அதே ஐ.ஜி.யால், எப்ஸ்டீனை முதல் தடவை தப்பவிட்ட வக்கீல்களை விசாரிக்க முடியவில்லை. ஃப்ளோரிடாவில் 2007லேயே அவர்மீது மத்திய அரசுக் குற்றப்பத்திரிகை வரைவாகத் தயாராக இருந்தது. அப்போது அங்கே அரசு வழக்கறிஞராக இருந்த அலெக்ஸாண்டர் அகோஸ்டாவின் அலுவலகம், மத்திய வழக்கே போடுவதில்லை என்று ஒப்பந்தம் போட்டது. கூட்டாளிகளுக்கும் சேர்த்து விலக்கு. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாநில வழக்கில் 18 மாதத் தண்டனை. அதில் உள்ளே கழித்தது சுமார் 13 மாதம். அந்த நாட்களிலும் பகலில் ‘வேலைக்கு’ வெளியே போய் வந்தார்.

2018 நவம்பரில் ‘மயாமி ஹெரால்ட்’ இதை மறுபடி கிளறியதும், செனட்டர்கள் ஐ.ஜி.யிடம் விசாரிக்கச் சொன்னார்கள். சட்டம் என் கையைக் கட்டியிருக்கிறது என்று பதில் வந்தது.

கட்டியது எப்போது? ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட இன்ஸ்பெக்டர் ஜெனரல் சட்டத்தில் நீதி அமைச்சகமே கிடையாது. 1988இல்தான் அதைச் சேர்த்தார்கள், அதுவும் ஒரு விலக்கோடு. வாட்டர்கேட் ஊழலின் நாற்றத்துக்குப் பிறகு, 1975இல், அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் லெவி ‘ஓ.பி.ஆர்.’ என்ற தொழில் ஒழுக்கப் பிரிவைத் தொடங்கியிருந்தார். விலக்கு இதுதான்: புலன் விசாரணை நடத்துவது, வழக்கு நடத்துவது, சட்ட ஆலோசனை சொல்வது ஆகியவற்றில் அமைச்சக வக்கீல்கள்மீது புகார் வந்தால் அது ஓ.பி.ஆருக்கே போகும். அதன் தலைவரை அமர்த்துபவர் அட்டர்னி ஜெனரல், அவர் அறிக்கை கொடுப்பதும் அட்டர்னி ஜெனரலுக்கே. பெரும்பாலான அறிக்கைகள் வெளியே வருவதில்லை. வேறெந்த அமைச்சகத்தின் ஐ.ஜி.க்கும் இப்படி ஒரு வேலி இல்லை.

எப்ஸ்டீன் ஒப்பந்தத்தை ஓ.பி.ஆர். விசாரித்தது. அகோஸ்டாவின் மின்னஞ்சல் பெட்டியில் கிட்டத்தட்ட ஓராண்டுக்கு வந்த கடிதங்களைக் காணவில்லை என்பதையும் கண்டது. 2020 நவம்பரில் வந்த முடிவு: அகோஸ்டா எடுத்தது மோசமான முடிவு, ஆனால் தொழில் ஒழுங்கீனம் அல்ல. இந்த வாசகம் புதிதல்ல. சி.ஐ.ஏ. சித்திரவதைக்குச் சட்டச் சப்பைக்கட்டு எழுதிக் கொடுத்த ஜான் யூ, ஜே பைபீ இருவர் விஷயத்தில் ஓ.பி.ஆர். துணிந்து ‘ஒழுங்கீனம்’ என்றே எழுதியது. 2010இல் அமைச்சகத்தின் மூத்த அதிகாரி ஒருவர் அதை அடித்துவிட்டு ‘மோசமான முடிவு’ என்று மாற்றினார். அந்த அமைச்சகத்தில் தப்பிக்க இதுவே ராஜபாட்டை.

அலாஸ்கா செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் கதை இன்னும் கசப்பு. எண்ணெய் வயல் கம்பெனி ஒன்று அவர் வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்ததை மறைத்தார் என்று வழக்கு. ‘பில் அனுப்பு’ என்று கம்பெனித் தலைவருக்கு ஸ்டீவன்ஸ் கைப்பட எழுதிய கடிதம் அவருக்குச் சாதகமான சான்று. அது சும்மா கண்துடைப்புக்குத்தான் என்று ஒரு நண்பர் தன்னிடம் சொன்னதாகக் கம்பெனித் தலைவர் கூண்டில் நின்று சொன்னார். சில மாதங்களுக்கு முன் அரசு வக்கீல்களிடம் அவர் சொன்னது வேறு: அப்படி ஒரு பேச்சு நடந்ததாக நினைவில்லை. அந்தத் தகவல் எதிர்த்தரப்புக்குத் தரப்படவே இல்லை. 2008 அக்டோபர் 27இல் ஸ்டீவன்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பு. எட்டாவது நாள் தேர்தல். சுமார் 4,000 ஓட்டில் தோல்வி. அடுத்த ஏப்ரலில் நீதிபதி எம்மெட் சல்லிவன் தீர்ப்பை ரத்து செய்தார். அமைச்சகத்தின் உள்விசாரணையை மட்டும் நம்பி விட முடியாது என்று வெளி வக்கீல் ஒருவரை அமர்த்தினார். சாட்சியங்கள் திட்டமிட்டு மறைக்கப்பட்டன என்று 500 பக்கத்துக்கு மேல் அவர் எழுதினார். ஓ.பி.ஆர். விசாரணையின் முடிவில் இரண்டு வக்கீல்களுக்குச் சம்பளமில்லாத இடைநீக்கம்: ஒருவருக்கு 40 நாள், மற்றவருக்கு 15 நாள். பிறகு அதுவும் மேல்முறையீட்டில் ரத்தாயிற்று.

இதற்கான மருந்து ஒரு சின்ன மசோதா. ‘இன்ஸ்பெக்டர் ஜெனரல் அக்சஸ் ஆக்ட்’ என்று பெயர். அந்த விலக்கை எடுத்துவிடு என்பதுதான் உள்ளடக்கம். செனட்டில் குடியரசுக் கட்சியின் மைக் லீயும் ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். இன்றைய வாஷிங்டனில் இது அபூர்வம். கீழவை ஒருமுறைக்கு மேல் நிறைவேற்றியும் செனட்டில் நிறைவேறவில்லை.

அமைச்சகம் சொல்லும் காரணம்: வக்கீல் தொழிலின் நெறி நுணுக்கம் எங்களுக்குத்தான் தெரியும், வெளியார் கை வைத்தால் வழக்கு நடத்துபவர்கள் பயப்படுவார்கள். ஆனால் 2001க்கு முன் எஃப்.பி.ஐ.யும் ஐ.ஜி. கைக்கு எட்டாமல்தான் இருந்தது. அந்த ஆண்டு, எஃப்.பி.ஐ.க்குள் இருந்துகொண்டே ரஷ்யாவுக்கு உளவு சொன்ன ராபர்ட் ஹான்சன் பிடிபட்டார். சில மாதங்களில் கதவு திறந்தது, மறு ஆண்டு அது சட்டமாயிற்று. எஃப்.பி.ஐ. இன்னும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. துப்பறிகிறவர் தாங்கிக்கொண்டதை வாதாடுகிறவர் தாங்க மாட்டாரா என்ன?

2025 மார்ச்சில் ஓ.பி.ஆர். தலைவரே பதவி நீக்கப்பட்டார். நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டி எழுதித் தர வேண்டிய கட்டாயம் அவர் விஷயத்தில் இல்லை. ஐ.ஜி.க்களை நீக்குவதானால் 30 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஒரே இரவில் ஏறத்தாழ 17 ஐ.ஜி.க்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது அந்தச் சட்டம் என்ன ஆயிற்று என்பதையும், நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லியும் ஏன் ஒருவரையும் திரும்ப நாற்காலியில் அமர்த்தவில்லை என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)