உப்புக் காற்றும் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியும்

ஊர்காவற்றுறைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். புதுச் சைக்கிள் ஒன்றை வாங்கி அங்கே வாசலில் நிறுத்தி வைத்தால், ஆறே மாதத்தில் அது ஆறு வயதுச் சைக்கிள் ஆகிவிடும். செயினில் கறள், மணியில் கறள், கரியரில் கறள். ஜன்னல் கம்பிகளுக்கு உரிய காலத்தில் பெயின்ட் அடிக்காவிட்டால் கம்பி பொருக்குப் பொருக்காக உதிரும். கடலோரத்தில் வாழ்கின்றவர்கள் இதையெல்லாம் யாரும் சொல்லாமலே அறிவார்கள். ஆனால் அதே ஜன்னலுக்குக் கீழே, வெளிநாட்டு உறவினர் ஆசையோடு கொண்டு வந்து கொடுத்த வீடியோ கேம் பெட்டியை வைக்கும்போது மட்டும், இந்த அறிவு நமக்கு வேலை செய்வதில்லை.

வேலணையில் உள்ள என் பள்ளித் தோழியின் வீட்டில் இதை நேரில் கண்டேன். அவளுடைய தம்பி சுவிஸிலிருந்து வந்தபோது மருமகனுக்கு ஒரு பிளேஸ்டேஷன் 4 கொண்டு வந்திருந்தார். புதிதல்ல, அவர் பிள்ளைகள் விளையாடி விட்டது. ஓராண்டு நன்றாக ஓடியது. பிறகு திரையில் நிற்கின்ற ஆள், யாரும் தொடாமலே இடப்பக்கமாக நடக்கத் தொடங்கினான்.

“ஏனடா கொன்ட்ரோலரை எறிஞ்சனீ?” என்று தாய் கேட்டாள்.

“நான் எறியேல்லை அம்மா. அது தானா நடக்குது” என்றான் பையன்.

யார் நம்புவார்கள்? இரண்டு வாரம் பெட்டி அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. கனடாவிலும் சுவிஸிலும் உள்ள மச்சான்மாருடன் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து விளையாடுவதுதான் அவனுக்கு இருந்த ஒரே கூட்டு. அதுவும் நின்றது. கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு ரிப்பேர் கடையில் கொன்ட்ரோலரைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே உடைந்தது ஒன்றுமில்லை. செப்புத் தகடுகளில் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. ஓரங்களில் வெள்ளைப் பொடி. பையன் சொன்னது உண்மை. எறிந்தது அவனல்ல, அரித்தது கடல்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இது விளங்கினால் மற்றவை தாமாக விளங்கும்.

அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் காற்றில் ஏறுகின்றன. சோளகம் வீசும் மாதங்களில் அவை வீட்டுக்குள் வந்து எல்லாவற்றின் மேலும் படிகின்றன. நீர் போய்விடும், உப்பு நிற்கும். மாரி காலத்தில் சமையலறை உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது இன்னும் பொல்லாதது, 33 வீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். ஆகவே கடலுப்புப் படிந்த இடம் நமது பிரதேசத்தில் ஒருபோதும் முழுமையாகக் காய்வதில்லை. தொட்டால் உலர்ந்ததுபோல இருக்கும், ஆனால் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று அங்கே இருந்துகொண்டே இருக்கும். செம்பையும் இரும்பையும் அரிக்க அதுவே போதும்.

இந்தக் காற்றைத்தான் விளையாட்டுப் பெட்டியின் மின்விசிறி மணிக்கணக்காக உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசும் போகிறது. நெடுந்தீவுக்குப் போனவர்கள் முருகைக்கல் வேலிகளையும் அந்த வெள்ளைப் பாதைகளையும் மறந்திருக்க மாட்டார்கள். சுண்ணாம்புப் புழுதியும் உப்பும் சேர்ந்து உள்ளே படிந்தால், ஈரத்தைப் பிடித்து வைக்கும் மெத்தைபோல ஆகிவிடும். வெப்பமும் வெளியேற முடியாது. பெட்டி இரைந்து இரைந்து ஓடுவது அதனால்தான். சத்தம் கூடுகிறதென்றால் அது உங்களைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீவகத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்கள் இது தமக்கல்ல என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த புத்தளம் உப்பளங்களின் ஊர். கற்பிட்டி, மன்னார், காத்தான்குடி, அக்கரையில் கீழக்கரை, காயல்பட்டினம் எல்லாமே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்கள்தானே.

யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. 1990இல் மின்சாரம் நின்ற பின், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. ரிவி கேம் எங்கே வரப்போகிறது? கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் அந்நாட்களில் கசெட் செருகி விளையாடும் பெட்டிகள் இருந்தன. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகொம் பெட்டியின் நகல்கள் அவை. படம் வராவிட்டால் கசெட்டை எடுத்து வாயால் “பூ” என்று ஊதிவிட்டுத் திரும்பச் செருகுவோம். படம் வந்துவிடும். ஊதியதால் வரவில்லை. கழற்றிச் செருகியதில் தொடுமுனைகள் சரியாகப் பொருந்தியதால் வந்தது. மூச்சுக்காற்றின் ஈரம் உலோக முனைகளைக் கெடுக்கும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோ நிறுவனமே பின்னர் அறிவுறுத்தியது. இன்றும் சிலர் அந்தப் பழைய பழக்கத்தில், தூசு தெரிகின்ற துவாரத்தில் எல்லாம் ஊதுகிறார்கள். எச்சிலும் உப்புத்தான்.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெட்டி ஆறட்டும். பிறகு காய்ந்த மென்மையான துணி. இதற்கென்று காசு செலவழிக்க வேண்டியதில்லை, பலமுறை தோய்த்து மெதுமையான பழைய பருத்திச் சாரத்துண்டு நன்றாக வேலை செய்யும். காற்றுத் துவாரங்களுக்கு மென்மயிர்த் தூரிகை, உள்ளே தள்ளாமல் வெளிப்பக்கமாகத் தட்டிவிட வேண்டும். அழுத்தக் காற்று டப்பா கிடைத்தால் நல்லது. டப்பாவைச் சரிக்காமல் நேராகப் பிடித்து விட்டுவிட்டு அடியுங்கள். அப்போது மின்விசிறி சுழலாதபடி ஒரு மெல்லிய மரக்குச்சியால் தடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதன் அச்சு கெடும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் பக்க மூடிகளை எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே கழற்றலாம். தூசைப் பிடித்து வைக்கும் குழிகள் இரண்டு உள்ளே இருக்கின்றன, அவற்றை மட்டும் சுத்தம் செய்தால் போதும். அதற்கு மேல் திருகாணிகளைத் தொடாதீர்கள். பழைய பெட்டிகளையும் சமையலறைக் கத்தியால் கிண்டித் திறக்க வேண்டாம் என்று தந்தைமாருக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

தீவகத்தில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். பல கிணறுகளில் நீர் உவர். அந்த நீரில் நனைத்த துணியால் துடைத்தால் அழுக்குப் போகும், உப்பு வந்து சேரும். காய்ச்சினாலும் உப்புப் போகாது. பெருநாளில் வட்டிலப்பம் சாப்பிட்ட கையோடு பிள்ளைகள் பிடித்த கொன்ட்ரோலருக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டித்தான் இருக்கும். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைக் கேட்டு வாங்குங்கள். நீர்தான், அசிட் அல்ல, போத்தலைப் பார்த்து வாங்க வேண்டும். அதில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். சுத்தமான பாத்திரத்தில் நேரே பிடித்த மழைநீரும் பரவாயில்லை. எந்தத் திரவத்தையும் கருவியின் மேல் நேரே தெளிக்கக் கூடாது.

பொத்தான்களின் இடுக்கில் பிசுபிசுப்பு இருந்தால் ஐசோபுரோபைல் அற்ககோல். பாமசியில் கிடைக்கும். பஞ்சுக்குச்சியில் கொஞ்சமாகத் தொட்டுத் துடைத்தால் அது விரைவில் ஆவியாகிவிடும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அது படலமாக நின்றுவிடும். கொரோனாக் காலத்தில் வாங்கி வீட்டில் மிஞ்சிய கை கழுவும் ஜெல்லும் ஆகாது, அதில் கிளிசரின் உண்டு. பெற்றோல், தின்னர், குளோரின் இவை பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பையே கெடுத்துவிடும்.

ஆள் தானாக நடக்கும் நோய்க்கு வருவோம். கொன்ட்ரோலரின் குமிழுக்குள் ஒரு கரிப்பாதையின் மேல் சிறு தகடு ஒன்று உரசி நகர்கிறது. அந்தப் பாதை தேய்ந்தாலோ, தூசும் உப்பும் இடையில் புகுந்தாலோ, விரல் படாமலே விரல் பட்டதாகக் கருவி நினைக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்சின் கொன்ட்ரோலரில் இக்குறை உலகமெங்கும் எழுந்து, 2020 ஜூனில் அந்நிறுவனத் தலைவரே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. குமிழை ஒருபக்கம் சரித்து, அடியைத் தூரிகையால் தட்டி, அற்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் சுற்றிவரத் துடைத்து, சில தடவை சுழற்றி, ஒரு மணிநேரம் காயவிட்டுப் பாருங்கள். அழுக்கால் வந்ததென்றால் பெரும்பாலும் சரியாகும். தேய்மானம் என்றால் சில வாரங்களில் திரும்ப வரும், குமிழை மாற்றத்தான் வேண்டும். தோழியின் மகனுக்கு அப்படித்தான் மாற்ற வேண்டியதாயிற்று. காந்தத்தால் இயங்கி, உரசாமல் வேலை செய்யும் குமிழ்களும் இப்போது கிடைக்கின்றன. கடலோர வீட்டுக்கு விலை கொஞ்சம் கூடினாலும் அவை மேல் என்பது என் எண்ணம்.

சிறு பற்றரி போட்டு இயங்கும் கொன்ட்ரோலர் என்றால், விளையாடாத நாட்களில் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள். கசிந்து வெள்ளை பூத்துவிட்டதா? பஞ்சுக்குச்சியில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி தொட்டுத் துடைத்தால் அந்தக் காரம் முறியும். பிறகு அற்ககோலால் துடைத்துக் காயவிட வேண்டும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுவட்டுகளை நடுவிலிருந்து வெளி விளிம்புக்கு நேர்கோடாகத் துடைப்பதே முறை. வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது பதிவு ஓடும் தடத்தோடு சேர்ந்தே ஓடி, நீண்ட பகுதியை அழித்துவிடும். ஸ்விட்சின் சிறு அட்டைகளை வாயில் வைக்கும் வாண்டுகள் வீட்டில் இருந்தால் கவலை வேண்டாம், அவற்றில் கசப்பு மருந்து பூசியே விற்கிறார்கள். வைத்தவுடன் துப்பிவிடும்.

காதுக்கு மாட்டும் கருவியின் பஞ்சில் தலை எண்ணெயும் வியர்வையும் ஊறும். அடிக்கடி துடைப்பதைவிட, பழைய பருத்திச் சட்டைத் துணியில் உறை தைத்து மாட்டித் தோய்த்துக்கொள்வது சுலபம். தையல் மெசின் இருக்கும் வீட்டில் பத்து நிமிட வேலை.

எங்கே வைப்பது என்பதும் துடைப்பதைப் போலவே முக்கியம். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். தரையிலும் வேண்டாம், தும்புத்தடியால் கூட்டும் புழுதி அத்தனையும் அதற்குள்தான் போகும். ரிவிக்கு லேஸ் துணி போர்த்தி அழகு பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். ஓடும்போது இதற்குப் போர்த்தினால் மூச்சுத் திணறிவிடும். அணைத்து, சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கொன்ட்ரோலர்களைப் பனையோலைப் பெட்டி ஒன்றில் போட்டு, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து வைக்கலாம், சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில். பெட்டியின் சூட்டுக்குக் கரப்பான் குடியேறுவதுண்டு. சாப்பாட்டுத் துணிக்கை பக்கத்தில் இல்லாவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

ஒன்று உங்களுக்கு வியப்பாக இருக்கும். இந்தப் பிரதேசத்தில் சும்மா கிடக்கும் கருவிதான் சீக்கிரம் கெடுகிறது. ஓடும்போது எழும் சூடு உள்ளேயுள்ள ஈரத்தை விரட்டும். பரீட்சைக் காலம் என்று மூன்று மாதம் பூட்டி வைக்கிறீர்களா? வாரத்துக்கொரு முறை நீங்களே அரைமணி நேரம் ஓடவிட்டு அணையுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு சேராமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். சூரிய ஒளியும் காற்றும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 மார்ச் மாதம் இந்திய நன்கொடையில் ஒப்பந்தமானது. மின்சாரம் ஏறி இறங்கும் இடங்களில் வோல்ற்றேஜ் ஸ்ரெபிலைசர் ஒன்று அவசியம். கனடாவிலிருந்து வரும் பழைய பெட்டியானால் அடியிலுள்ள எழுத்தை வாசியுங்கள். 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால், நமது 230 வோல்ற்றில் செருகுமுன் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இனிப் படகுப் பயணம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணிநேரம் அளவில் ஆகும், சோளகத்தில் நனையாமல் இறங்குவது அரிது. பெட்டியை இரண்டு பொலித்தீன் பைகளில் தனித்தனியாகக் கட்டி, படகின் உள்ளே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே செருகாமல், பையைப் பிரித்து ஓரிரவு விடுங்கள். தப்பித்தவறிக் கடல்நீர் உள்ளே போய்விட்டால், காய்ந்துவிட்டதென்று நம்பி சுவிட்சைப் போடவே கூடாது. அரிசிக்குள் புதைத்தாலும் நீர்தான் போகும், உப்பு போகாது. உப்பைக் கழுவி எடுக்கத் தெரிந்த கை வேண்டும். அடுத்த படகிலேயே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுங்கள், திரும்பவும் இரண்டு பைகளில் கட்டி.