உலோகம் காட்டும் கம்பிச் சுருள்

1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு வாஷிங்டன் இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறதென்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. அந்நிலையில் உதவ முன்வந்தவர், தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல். ஹியூஸ் என்பார் 1879-இல் அமைத்த மின்தூண்டல் தராசைத் திருத்தியமைத்து, அதன் கம்பிச் சுருள்களை ஜனாதிபதியின் உடல்மீது நகர்த்தி, தொலைபேசிக் குழலைக் காதில் வைத்துக் கேட்டார்.

உள்நாட்டுப் போரில் பட்ட குண்டை உடலிலேயே சுமந்து வாழ்ந்த பழைய போர்வீரர்களிடம் அக்கருவி நன்றாகவே வேலை செய்திருந்தது. ஜனாதிபதியிடம் மட்டும் அது பலிக்கவில்லை. அவர் படுத்திருந்த மெத்தையில் எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகுதான் பெல்லுக்குத் தெரிந்தது. குண்டு வலப்புறத்தில் உள்ளது என்று நம்பிய தலைமை வைத்தியர், அப்பக்கத்தையே தேடச் செய்தார். அதுவோ இடப்புறத்தில் இருந்தது. செப்டம்பர் 19-ஆம் நாள் கார்பீல்டு உயிர் நீத்தார்.

கம்பிச் சுருளுக்கு இது குண்டு, இது மெத்தைக் கம்பி என்று தெரியாது. தன் அருகே ஏதோ மாறியது என்பதை மட்டுமே அது சொல்லும். ஆகவே இக்கருவியைச் செய்பவனுக்கு வேலை இரண்டு. சுருளை நுட்பமாகக் கேட்கச் செய்வது ஒன்று. நாம் தேடும் உலோகத்தைத் தவிர வேறெதுவும் அதன் காதில் விழாமல் காப்பது மற்றொன்று. முன்னதைவிடப் பின்னதே கடினம். நான் செய்து பயன்படுத்திவரும் எளிய கருவியைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

தத்துவம்

கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றி மாறிக்கொண்டேயிருக்கும் காந்த மண்டலம் உண்டாகும். அம்மண்டலத்தில் ஒரு செப்புக் காசை வைத்தால், பாரடே 1831-இல் கண்ட விதிப்படி, காசுக்குள்ளும் மின்னோட்டம் எழுந்து சுழலும். இச்சுழல் மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த மண்டலத்தையே எதிர்க்கும். அதனால் சுருளின் தன் தூண்டல் சிறிது குறையும். சுருளோடு ஒரு கண்டென்சரை இணைத்து, டிரான்சிஸ்டரின் துணையால் அதிரச் செய்திருந்தால், தன் தூண்டல் குறைந்ததும் அதிர்வெண் உயரும்.

எவ்வளவு உயரும்? என் கருவி வினாடிக்கு ஏறக்குறைய 1,10,000 முறை அதிர்கிறது. ஒரு காசு அதன் தன் தூண்டலைப் பதினாயிரத்தில் இரண்டு பங்கு குறைக்கிறது என்று கொள்வோம். அதிர்வெண் பதினாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 11 அதிர்வுகள், உயரும். 1,10,000 அதிர்வுகளை மனிதக் காது கேட்கவே கேட்காது. அதில் 11 கூடியதை எப்படி அறிவது?

இதற்குத் தம்பூரா வழி காட்டுகிறது. ஏறக்குறைய ஒரே சுருதியில் உள்ள இரண்டு தந்திகளை மீட்டினால், அவ்விரண்டின் வேறுபாடு விம்மி விம்மி ஒலிக்கும். அதுபோல இரண்டாவது அதிர்வுச் சுற்று ஒன்றை அமைத்து, அதை 1,09,900-இல் நிறுத்திவிடுகிறோம். இரண்டையும் கலந்தால் வேறுபாடாகிய 100 அதிர்வு காதில் ஒலியாகக் கேட்கும். காசு வந்ததும் அது 111 ஆகும். ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு ஏறினாற்போன்ற மாற்றம் அது! சங்கீத ஞானம் இல்லாதவனும் கண்டுகொள்வான்.

சுருளைச் சுற்றுதல்

மோட்டார், மின்விசிறி ரீவைண்டிங் செய்யும் கடையில் 26-ஆம் நம்பர் எனாமல் செப்புக் கம்பி எடைக்குக் கிடைக்கும். 20 செ.மீ. குறுக்களவில் 30 சுற்றுக்கு ஏறத்தாழ 19 மீட்டர் கம்பி வேண்டும். 30 கிராம் வாங்கினால் போதும். ஒரு பலகையில் 20 செ.மீ. வட்டம் வரைந்து, அதன்மேல் பன்னிரண்டு ஆணிகள் அடித்து, ஆணிகளுக்குக் குழல் மாட்டிக்கொள்ளுங்கள். கம்பியை இழுத்துப் பிடித்து, எனாமல் உரியாமல், நிதானமாகச் சுற்றுங்கள். சுற்றி முடிந்ததும் ஆணிகளிலிருந்து எடுக்கும் முன்பே, மூன்று செ.மீ.க்கு ஒரு கட்டாக, பூத்தொடுப்பது போல் நூலால் இறுகக் கட்டுங்கள். பிறகு வார்னிஷில் நனைத்து இரண்டு நாள் உலரவிடுங்கள்.

இத்தனை இறுக்கம் ஏன்? சுற்றுகள் தளர்ந்திருந்தால், கருவியை அசைக்கும்போதெல்லாம் கம்பிகள் நகரும். தன் தூண்டல் மாறும். உலோகமே இல்லாத இடத்திலும் ஒலி ஏறி இறங்கும். இதுவும் ஒருவகையில் பெல்லின் மெத்தைதான்.

அடுத்த மெத்தை, ஈரப் புல். சுருளும் தரையும் சேர்ந்து ஒரு சிறு கண்டென்சர்போல் வேலை செய்வதால், சுருளைத் தரைக்கு அருகே கொண்டுபோனாலே அதிர்வெண் மாறும். கையை நீட்டினாலும் மாறும். இதைத் தடுக்கச் சுருளின்மேல் முதலில் இன்சுலேஷன் டேப் சுற்றி, அதன்மேல் சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளைச் சுற்ற வேண்டும். ஆனால் வட்டத்தை முழுவதும் மூடிவிடலாகாது. ஓரிடத்தில் ஒரு செ.மீ. இடைவெளி விட வேண்டும். முழு வட்டமாக மூடினால் அத்தாளே ஒற்றைச் சுற்றுச் சுருளாகிவிடும். அதில் பெருமின்னோட்டம் சுழன்று, காந்த மண்டலத்தை விழுங்கிவிடும். அலுமினியத்தில் ஈயப்பற்று எளிதில் ஒட்டாது. ஆகவே எனாமல் இல்லாத செப்புக் கம்பியொன்றைத் தாளின்மேல் அகலச் சுற்றி, அதன் முனையை பாட்டரியின் எதிர்முனையோடு சேர்க்கலாம். அக்கம்பியும் இடைவெளியைத் தாண்டக் கூடாது. கடைசியில் மீண்டும் டேப் சுற்றிவிடுங்கள்.

மற்ற உறுப்புகள்

சுருளின் குறுக்கே இரண்டு 0.01 மைக்ரோபாரட் கண்டென்சர்களைத் தொடராக இணைத்து, பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்றால் இயக்குகிறேன். கால்பிட்ஸ் பெயரால் வழங்கும் அதிர்வுச் சுற்று இது. மலிவான செராமிக் வில்லைகள் வெயிலில் வெகுவாக மாறுபவை. பாலிஸ்டைரீன் அல்லது பாலிபுரோப்பிலீன் வகையே நல்லது.

இரண்டாவது அதிர்வுச் சுற்றுக்குப் பழைய வானொலிப் பெட்டியின் பெரைட் தண்டு பயன்படும். ஒரு காகிதக் குழலில் 100 சுற்றுச் சுற்றித் தண்டின்மேல் மாட்டுங்கள். ஒலி காதில் விழும்வரை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றுங்கள். பிறகு குழலைத் தண்டின்மேல் நகர்த்தி நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம். அலுமினியத் தாளைச் சுற்றி முடித்த பின்பே இதைச் செய்ய வேண்டும். தாள் சுற்றியதும் முதற்சுருளின் அதிர்வெண் சற்றே இறங்கும்.

இரு சுற்றுகளும் மிக நெருங்கினால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே சுருதியில் அதிரத் தொடங்கும். ஒலி நின்றுபோகும், சிறிய உலோகமும் தெரியாமல் போகும். எனவே இரண்டையும் தனித்தனித் தகரப் பெட்டிகளில் வைத்து, மூன்றாவது டிரான்சிஸ்டரிடம் மட்டும் சந்திக்கச் செய்ய வேண்டும். பெட்டிகளும் பாட்டரியும் தேடும் சுருளிலிருந்து இரண்டடிக்கு மேல் தள்ளியிருக்கட்டும். கைப்பிடி மூங்கிலாகவோ பிளாஸ்டிக் குழாயாகவோ இருக்க வேண்டும். அதில் திருகாணி கூடாது.

எதற்குப் பயன்படும்?

புதையல் ஆசை உள்ள நண்பர்களுக்கு ஒரு கணக்கு. சுருளின் காந்த மண்டலம் தொலைவில் கன விகிதத்தில் குறைகிறது. சிறு பொருளிலிருந்து திரும்பும் விளைவும் அவ்வாறே குறைகிறது. ஆகவே ஆழம் இரட்டித்தால் கிடைக்கும் செய்தி 64-இல் ஒரு பங்காகிவிடும். பத்தடி ஆழத்துக் காசைக் காட்டுவதாகச் சொல்லி யாரேனும் கருவி விற்றால் நம்ப வேண்டாம். சட்டத்தையும் மறக்கலாகாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இக்கருவி உண்மையில் உதவும் இடம் மரப்பட்டறை. இடித்த வீடுகளின் தேக்குச் சட்டங்களை அறுக்கும்போது, உள்ளே புதைந்த ஆணியில் இயந்திர ரம்பம் பட்டால் பல் உடைந்து தெறிக்கும். ஆசாரியின் கண்ணுக்கே ஆபத்து. இவ்வேலைக்கு 8 செ.மீ. குறுக்களவில் 50 சுற்றுச் சுற்றிய சிறு சுருளே ஏற்றது. அதன் தன் தூண்டல் பெரிய சுருளினதற்கு ஏறக்குறைய சமம். ஆகையால் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. இரும்பு மட்டும் இருவிதமாக நடந்துகொள்ளும். அதன் காந்த குணம் தன் தூண்டலைக் கூட்டும். அதிலெழும் சுழல் மின்னோட்டம் குறைக்கும். எனவே ஒலி ஏறினாலும் இறங்கினாலும் ஐயுற வேண்டும்.

ஒலி மாறவில்லை என்றால் மரத்தில் ஆணி இல்லை என்று பொருளாகாது. இக்கருவிக்கு எட்டவில்லை என்பதே பொருள். ஆதலால் கருவியை இயக்கிப் பத்து நிமிடம் கழித்து, அறுக்கப்போகும் சட்டத்தின் கனமுள்ள ஒரு பலகையின் அடியில் ஆணியொன்றை வைத்து, மேலிருந்து கேட்டுப் பார்க்கிறேன். அந்த ஆணி கேட்டால்தான் தேடத் தொடங்குகிறேன். கேட்காவிட்டால் சட்டத்தைத் திருப்பிப்போட்டு, மறுபக்கத்திலிருந்தும் தேட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தேடியதன் விளைவை 1881-இல் உலகம் பார்த்தது.