மச்சும் மழையும்

வெயிலுக்கு நிழலாகவும் மழைக்குக் குடையாகவும் நம்மைக் காப்பது வீடு. அக்குடையே ஒழுகினால் என் செய்வது? மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பழைய காரை வீடுகளில் வாழ்வோர்க்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் எழும் கவலை இது.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிமுனையை ஒட்டிக் கடந்தபொழுது தென்மாவட்டங்களில் காற்றும் மழையும் மிக்கன. என் வீட்டுக் கூடத்து மச்சிலும் ஈரக்கறை படர்ந்தது. வந்த கொத்தனார் ஒரே நாளில் கறையைச் சுரண்டிச் சிமெண்டு பூசி வெள்ளையடித்தார். பார்வைக்கு அழகாகவே இருந்தது. அடுத்த மழையில், ஓர் இரவில், அப்பூச்சு முழுவதும் பெயர்ந்து விழுந்தது. என் பேரன் நாள்தோறும் அமர்ந்து படிக்கும் இடம் அது! பிழை எங்கே நேர்ந்தது?

மச்சின் அமைப்பை அறிந்தால் அது விளங்கும். சுவரின் மீது மரக்கட்டைகளை வரிசையாகப் பரப்புவர். அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கமாகச் செங்குத்தாக அடுக்குவர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பலகையால் பல நாள் அடித்து இறுக்குவர். எல்லாவற்றிற்கும் மேலே தட்டோடு பதிப்பர். ஆதலின், கறை தோன்றுவது கீழே. புண் இருப்பது மேலே. மேலே புகுந்த நீர் கட்டை வழியே ஓடி வேறோரிடத்தில் சொட்டுதலும் உண்டு.

எனவே, பழுதுபார்ப்போர் முறையறிந்து செய்தல் வேண்டும். முதலில் மச்சின் கீழுள்ளோரை அகற்றி, அவ்வறையின் மின்னோட்டத்தை நிறுத்துதல் வேண்டும். பின்னர், நீண்ட கோலால் ஓரமாக நின்று தட்டிப் பார்த்தால், பொள்ளென ஒலிக்கும் இடத்தில் காரை விட்டுப்போயிற்று என அறியலாம். அதனை உதிர்த்துவிடுதலே நன்று. அடுத்து, மேலே ஏறி, தூம்பு சருகால் அடைபட்டதா, ஓடு வெடித்ததா, வாட்டம் கெட்டு நீர் தேங்குகிறதா, அரசங்கன்று வேரூன்றியதா எனக் காணல் வேண்டும். சுவருக்குள் புதைந்த கட்டை நுனிகளையும் சோதித்தல் வேண்டும். ஈரமும் கறையானும் முதலில் அங்கேதான் குடிபுகும். உளுத்த கட்டையை முட்டுக்கொடுத்தே மாற்றுவர்.

மேற்புறம் செம்மையான பின்னும் விரைதல் கூடாது. செங்கல் நன்கு உலரட்டும். அதன் பின்னரே நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் சேர்த்தரைத்த சாந்தை இருமுறையாகப் பூசுதல் வேண்டும். கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்ப்பது முன்னோர் வழக்கம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது சிறிதாகக் கல்லாகும். உள்ளீரம் வெளியேறவும் வழிவிடும். சிமெண்டுப் பூச்சோ அவ்வீரத்தை எளிதில் வெளிவிடாது. பழஞ்சுண்ணாம்புச் சுவரில் அது பெயர்வதற்குக் காரணம் இதுவே.

பதினொரு நிலையுடன் வானளாவி நிற்கும் திருவில்லிபுத்தூர்க் கோபுரமும் தானாக நிலைத்ததன்று. காலந்தோறும் நடந்த திருப்பணிகளால் நிலைத்தது. வீட்டுக்கும் அத்தகைய பேணுதல் வேண்டும். கறையை மறைப்பது எளிது. காரணத்தைக் களைவது அரிது. அரியதைச் செய்தவன் வீட்டில் குழந்தைகள் அச்சமின்றி உறங்குவர்.