புல்தரையும் கோடைநீரும்

மணமக்களை 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' வாழ்கவென வாழ்த்துதல் தமிழர் வழக்கு. கோடையில் வீட்டுப் புல்தரைக்கு நீர் விடுவோர் பலர் அவ்வாழ்த்திலுள்ள வேரை மறந்துவிடுகின்றனர். அவர்கள் நனைப்பது இலையை மட்டுமே.

மாலைதோறும் நெகிழிக் குழாயைப் பிடித்துச் சில நிமிடம் தெளித்தால் மண்ணின் மேற்பரப்பு மட்டும் ஈரமாகும். மறுநாள் வெயிலில் அவ்வீரம் ஆவியாகிவிடும். ஈரமுள்ள இடத்தில்தான் வேர் வளரும். ஆதலால் நாள்தோறும் சிறிது நீர் பெறும் புல்லின் வேர் மேலாகவே நின்றுவிடுகிறது; இரண்டு நாள் நீர் தவறினாலும் புல் வாடுகிறது. வாரத்திற்கு ஓரிரு முறை, அரையடி ஆழம் நனையுமாறு நீர் விட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழிறங்கும். நீர் விட்டபின் நீண்ட திருப்புளியொன்றை மண்ணில் செருகிப் பார்க்கலாம். ஈரம் உள்ள ஆழம்வரை அது எளிதாக இறங்கும். களிமண் நீரை மெல்லவே உறிஞ்சும். நீர் வழிந்தோடத் தொடங்கினால் நிறுத்தி, சற்று நேரம் கழித்துத் தொடர்தல் வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் நீர் தங்காது. அங்குச் சற்றுக் குறைத்து, இடைவெளியையும் சுருக்கலாம்.

விடியற்காலையே ஏற்ற வேளை. அப்போது காற்றும் வெப்பமும் குறைவு. இரவெல்லாம் இலை ஈரமாக இருப்பின் பூஞ்சை நோய் பற்றக்கூடும். நண்பகலில் நீர்த்துளிகள் ஆடிவில்லை போல் செயல்பட்டுப் புல்லைக் கருக்கும் என்று சிலர் அஞ்சுவர். உண்மையில் அவ்வேளையின் தீங்கு நீர் ஆவியாகி வீணாவதே. கோடையில் புல்லை ஒட்ட வெட்டுவதும் தவறு. சற்று உயர்ந்த புல் தன் நிழலால் மண்ணின் ஈரத்தைக் காக்கும்.

எவ்வளவு நீர் செலவாகும்? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க ஒரு லிட்டர் தேவை. 100 சதுர மீட்டர் புல்தரைக்கு வாரம் 25 மில்லிமீட்டர் என்றால் 2,500 லிட்டர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. அந்த ரயிலின் ஒரு பெட்டி சுமந்தது ஏறத்தாழ 50,000 லிட்டர். மேற்கூறிய ஒரு புல்தரை இருபது வாரங்களில் குடித்துவிடும் அளவு அது!

தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும் காலத்தில் புல்தரையைப் பழுக்க விடுவதே முறை. அருகு அதற்கு அஞ்சும் புல்லன்று. நீரில்லாதபோது இலையைக் காயவிட்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டில் உயிரைத் தேக்கி உறங்கும். அந்நிலையில் அதன்மேல் நடமாட்டத்தைக் குறைத்து, அரிசியும் காய்கறியும் கழுவிய நீரை இடம் மாற்றி மாற்றி ஊற்றிவரலாம். சோப்பு மிகுந்த நீர் ஆகாது. வைக்கோல் நிறமாகிக் கிடக்கும் தரையைச் செத்துவிட்டதெனக் கருதிக் கொத்திப் போடுவோர் சற்றுப் பொறுத்தல் நன்று. நல்ல மழையொன்று பெய்து மண் நனைந்தபின், அதே தண்டின் கணுக்களிலிருந்து பசுந்தளிர்கள் எழக் காணலாம்.