புறாவின் மூச்சு

பந்தயப் புறாவின் ஆற்றலைப் புகழ்கிறவர்கள் அதன் சிறகு வலிமையையும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாலும் தன் கூண்டைத் தேடி வந்து சேரும் திசையறிவையும் பற்றியே பெரும்பாலும் பேசுகிறார்கள். அந்தச் சிறகுகளை மணிக்கணக்காக ஓய்வின்றி இயக்கும் சக்திக்கு ஆதாரமாக நிற்பது அதன் சுவாசமே என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மூச்சு கெட்டுப்போன புறா, எவ்வளவு உயர்ந்த ஜாதியில் பிறந்ததாயினும், எவ்வளவு நேர்த்தியான கம்பும் பட்டாணியும் தின்று வளர்ந்ததாயினும், ஆகாயத்தில் நெடுநேரம் நிலைக்க மாட்டாது. வடசென்னையின் மொட்டைமாடிகளில் ஹோமர் புறாவும் கர்ணப் புறாவும் வளர்ப்போர் முதலாகப் புறாவிடம் பிரியம் கொண்ட அனைவரும், அதன் சுவாசத்தைப் பற்றும் வியாதிகளைக் குறித்துத் தெளிவாக அறிந்திருப்பது அவசியம்.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசைத் திரை நமக்கு உண்டு, புறாவுக்கு இல்லை. அதன் நுரையீரல்கள் சிறியவை; முதுகெலும்பை ஒட்டி, அதிகம் விரியாமலும் சுருங்காமலும் அமைந்தவை. அவற்றோடு இணைந்து, மெல்லிய சவ்வினாலான ஒன்பது காற்றுப் பைகள் கழுத்திலிருந்து அடிவயிறு வரையில் பரவி, தோள்மூட்டை அடுத்த எலும்பின் உட்புறத்துக்குங்கூடக் காற்றைக் கொண்டு செல்கின்றன. இப்பைகள் துருத்திகளைப் போல இயங்குவதனால், மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் நுரையீரலுக்குள் புதுக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. இந்த அற்புதமான ஏற்பாட்டிலேயே ஓர் அபாயமும் அடங்கியிருக்கிறது. அப்பைகளின் சவ்வில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆதலால் அங்கே கிருமி ஒருமுறை குடியேறிவிட்டால், உடம்பின் தற்காப்புச் சக்தியும் நாம் கொடுக்கும் ஔஷதமும் அவ்விடத்தைச் சென்றடைவது அரிதாகிறது.

வளர்ப்போர் பொதுவாகச் சளி என்று சொல்லும் நிலைக்குப் பல கிருமிகள் காரணமாகலாம். அலகின் அடியில், மூக்குத் துவாரங்களின் மேல் புடைத்திருக்கும் வெண்ணிறச் சதை, சுகமாயுள்ள புறாவில் சுண்ணாம்பு பூசியதுபோல் சுத்தமாக இருக்கும். அது மங்கிச் சாம்பல் நிறமாகி ஈரம் படிந்திருந்தால், அதுவே முதல் அறிகுறி. பிறகு தும்மலும் தலையை உதறுதலும் தொடங்குகின்றன. ஒரு கண் மட்டும் நீர் கோத்து, இமை வீங்கி, ஓரத்தில் நுரை தள்ளுகிறது. அந்தக் கண்ணைப் புறா தன் தோளில் தேய்த்துக்கொள்வதால் அங்குள்ள இறகுகள் நனைந்து ஒட்டிக்கொள்கின்றன. பகலில் மற்றப் புறாக்களின் ஆரவாரத்தில் மறைந்துபோகும் நுண்ணிய ஓசையொன்று, விளக்கணைத்த பின் கூண்டின் அருகே அசையாமல் நின்று செவி கொடுப்பவருக்குக் கேட்கும்; மூச்சு ஒவ்வொன்றின் முடிவிலும் சளி அசையும் கரகரப்பு அது. பலவீனத்தை வெளிக்காட்டாதிருப்பது பட்சிகளின் சுபாவமாதலால், வாயைத் திறந்து வாலை மேலும் கீழும் அசைத்துப் புறா மூச்சு வாங்கும் நிலை கண்ணுக்குப் புலப்படும்போது, வியாதி உள்ளே வெகுதூரம் சென்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இவ்வியாதிகளை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் மைக்கோபிளாஸ்மா என்பதற்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைத் தகர்ப்பதையே தொழிலாகக் கொண்ட பெனிசிலின் இதனிடம் பயனற்றுப்போவது இக்காரணத்தினால்தான். இதனினும் முக்கியமானது கிளமிடியா சிட்டாசி. இது பிராணியின் செல்லுக்குள்ளே புகுந்து, அங்கேயே பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளிப்பட்டு அடுத்த செல்லைத் தேடும் இயல்புடையது. இக்கிருமி மனிதரிடத்தும் உண்டாக்கும் வியாதிக்கு உதாரணமாக, ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச்சுக்கு அருகிலுள்ள ஊஸ்டர் என்ற ஊரில், வெளிநாட்டுப் பறவைகள் வைத்திருந்த ஒரு வீட்டில் ஏழு பேர் நுரையீரல் ஜுரத்தால் பீடிக்கப்பட்டு மூவர் மாண்டதை 1879-இல் யாக்கோப் ரிட்டர் என்ற வைத்தியர் விவரித்தார். 1929-30-இல் தென்னமெரிக்கக் கிளிகளின் வியாபாரத்தோடு இவ்வியாதி பல நாடுகளுக்குப் பரவியபோது உலகம் விழித்துக்கொண்டது. ஆராய்ச்சியாளர் கிருமியைக் கண்டறிந்தனர். 1940-ஐ ஒட்டி, வளர்ப்புப் புறாக்களிடத்தும் அதுவே இருப்பது தெளிவாயிற்று. செல்லுக்குள் மறைந்து வாழும் சுபாவத்தினால் நெடுங்காலம் வைரஸ் என்றே கருதப்பட்ட இக்கிருமி, 1960-களில்தான் பாக்டீரியா வர்க்கத்தில் ஐயமின்றிச் சேர்க்கப்பட்டது.

இதை அடக்கவல்ல மருந்தின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. டெட்ராசைக்கிளின் வர்க்கத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர். 1948-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் பணியாற்றிய அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியை வழிநடத்தி வந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். அவ்வர்க்கத்து மருந்துகளே இன்றும் இவ்வியாதிக்குப் பிரதான சிகிச்சை. எனினும், செல்லுக்குள் பதுங்கும் கிருமியை ஒழிக்க இச்சிகிச்சை சாதாரணமாக 45 நாட்கள் வரை நீள்கிறது. கிளிஞ்சல் தூள் முதலிய சுண்ணாம்புச் சத்துப் பொருள்களைக் கூடவே கொடுத்தால், மருந்து அவற்றோடு சேர்ந்து ரத்தத்தில் ஏறாமல் வீணாகிறது. தும்மல் கேட்டவுடன் கடையில் கிடைத்த ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து, புறா சற்றுத் தெளிந்ததும் நிறுத்திவிடுகிற வழக்கம் கிருமியைக் கொல்வதில்லை. மருந்துக்கு அஞ்சாத கிருமிகளையே அது வளர்த்துவிடுகிறது. கால்நடை வைத்தியரிடம் காட்டி, பரிசோதித்து, அவர் சொன்ன அளவில் சொன்ன காலம் முழுவதும் மருந்து கொடுப்பதே முறை.

ஆயினும், கிருமி ஒன்றே வியாதியை ஆக்கிவிடுவதில்லை என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளிப்பார்வைக்குச் சுகமாயிருக்கும் எத்தனையோ புறாக்கள் இக்கிருமிகளைத் தம்முள் சுமந்து திரிகின்றன. குஞ்சு பொரிக்கும் சிரமம், இறகு உதிரும் பருவம், பந்தயக் கூடைகளில் நெருக்கியடித்துச் செல்லும் பிரயாணம் ஆகியவற்றால் உடம்பு தளரும்போதே அவை தலைதூக்குகின்றன. தாயும் தந்தையும் தொண்டைப் பையில் சுரக்கும் பாலை அலகோடு அலகு வைத்து ஊட்டுகையில் குஞ்சுக்கும், எல்லாப் புறாக்களும் அலகு மூழ்கக் குடிக்கும் ஒரே தண்ணீர்த் தட்டின் வழியாக மற்றவற்றுக்கும், உலர்ந்த எச்சத்தின் தூசி வழியாகக் கூண்டு முழுமைக்கும் கிருமி பரவுகிறது. ஈரமான எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு சுவாசக் குழாயின் மெல்லிய உட்சவ்வைப் புண்ணாக்கி, கிருமிக்கு வாயிலைத் திறந்து விடுகிறது. காற்றையே நம்பி வாழும்படி படைக்கப்பட்ட பிராணியை, நாம் அதற்கு ஒதுக்கிய காற்றே நோயாளியாக்குகிறது என்றால், அக்குற்றம் முழுவதும் கிருமியினுடையதன்று.

ஆதலால் புறாக்களின் எண்ணிக்கையைக் கூண்டின் விஸ்தீரணத்துக்குள் அடக்குவதும், மழைச் சாரல் புகாமல், ஆனால் காற்று மேலே ஏறி வெளியேறும்படி கூண்டை அமைப்பதும், தண்ணீர்த் தட்டைத் தினந்தோறும் கழுவுவதும், புதிதாக வாங்கி வந்த புறாவை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துக் கவனிப்பதும், மருந்துக்கு முற்பட்ட மருத்துவமாகும்.

கிளமிடியா மனிதரையும் பற்றக்கூடியது. உலர்ந்த எச்சத்தில் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்குமாதலால், கூண்டைப் பெருக்குமுன் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்வதும், மூக்கையும் வாயையும் முகக் கவசத்தால் மூடிக்கொள்வதும், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுவதும் கட்டாயம். கிருமி உட்சென்றபின் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் கடுஞ்ஜுரம், தலைவலி, வறட்டு இருமல் என்று அது வெளிப்படும். சாதாரண ஜுரம் என்று வைத்தியர் எண்ணிவிட இடமுண்டு. வீட்டில் புறா வளர்க்கிறோம் என்பதை அவர் கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும். உரிய மருந்தை உரிய காலத்தில் அவர் தொடங்குவதற்கு அந்த ஒரு வார்த்தை பெரிதும் உதவும்.