பில் இல்லாமல் ஆஃபீஸ் வாங்காதீர்கள்

ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகம், ஹோம்ஸ்டே, ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. அதில் தப்பில்லை. மலையிறங்கி சேலத்துக்குப் போய், ‘புது ஆஃபீஸ் போட்டுக் கொடுங்க’ என்று பணத்தை நீட்டுவதுதான் தப்பு. ஆஃபீஸ் 2019, 2021, 2024 மூன்றும் விண்டோஸ் 7-இல் ஏறவே ஏறாது. இதைத் தெரிந்துகொண்டே சிலர் வெறும் சீட்டில் ‘லைஃப்டைம் கீ’ எழுதிக் கொடுக்கிறார்கள். வேறு சிலர் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத் திருட்டுப் பிரதியை ஏற்றுகிறார்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

பணம் கொடுக்கும் முன் கம்ப்யூட்டர் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். எந்த விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா என்பது அங்கேயே இருக்கும். அதை போனில் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். விண்டோஸ் 7 என்றால் லிப்ரே ஆஃபீஸ் 25.2 போதும், இலவசம். 25.8 கேட்காதீர்கள், அது ஓடாது. ஆனால் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுபோயின. பேங்க் வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் செய்யவே செய்யாதீர்கள். ஆஃபீஸ் 2016, 2019 வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: அவற்றுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

ஏமாந்துவிட்டால் புலம்பிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். பணம் திரும்பவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். கீயை டெல்லிக் கடையிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. மனுவோடு பில், யுபிஐ ரசீது, திரையில் வந்த பிழைச் செய்தியின் படம், கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடித நகல் ஆகியவற்றை இணையுங்கள்.

ஒரு சிக்கலை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. பெரிய எஸ்டேட் கம்பெனிக்கு இந்த வழி அடைபடலாம். ஆனால் சொந்த உழைப்பில், பிழைப்புக்காகவே ஹோம்ஸ்டேயோ ஜெராக்ஸ் கடையோ நடத்துபவருக்கு விலக்கு உண்டு. அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

பில் வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், பில் வாங்குங்கள். எந்த ஆஃபீஸ், எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த விண்டோஸுக்கு என்று அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். அப்படியும் ஏமாந்தால் தள்ளிப்போடாதீர்கள்: நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடக் கெடு 2 ஆண்டு.